ஏர் ஃபிரையரில் உறைந்த பர்கர் பேட்டி: வெளியே கருகல், நடுவில் ஐஸ். எங்கே தப்பு?

மாலைமேகம்

எல்லோருக்கும் வணக்கம். உறைந்த பர்கர் பேட்டியை (பன்னுக்குள் வைக்கும் கொத்துக்கறி வட்டு) ஏர் ஃபிரையரில் போட்டு எடுப்பது எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை நடக்கும் வேலை. 200 டிகிரி செல்சியஸ், 12 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பிப் போடுவேன். ஆறு மாதமாக ஒரு குறையும் இல்லை.

நேற்று வேறு பாக்கெட் பிரித்தேன். அதே 200, அதே 12. எடுத்துப் பார்த்தால் மேலே நல்ல கரும்பழுப்பு, ஓரம் லேசாகக் கருகியே இருந்தது. வெந்துவிட்டது என்று பன்னில் வைத்துக் கொடுத்துவிட்டேன். பெரியவள் இரண்டாவது கடியிலேயே நிறுத்தி, "அம்மா, உள்ளே நறநறன்னு இருக்கு" என்றாள். வாங்கிப் பிளந்து பார்த்தேன். வெளியே மெல்லிய கருப்பு ஓடு, அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், நட்டநடுவில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஈரமான சிவப்பு. விரல் வைத்தால் சில்லென்றது. அந்தச் சிவப்புக்குள் ஐஸ் துகள் மினுமினுத்தது.

மற்ற மூன்றையும் பிளந்தேன். எல்லாம் அப்படித்தான். சின்னவன் இன்னும் வாய் வைக்கவில்லை, அந்த வகையில் நிம்மதி.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. ஒன்று, ஃபிரையர் பழுதாகிவிட்டதா? இரண்டு, பெரியவள் இரண்டு கடி தின்றுவிட்டாள், பயப்பட வேண்டுமா?

கற்பூரவல்லி

வெப்பம் அதிகம், அவ்வளவுதான். 180-க்குக் குறைத்து 15 நிமிடம் வையுங்கள். எனக்கு எப்போதும் சரியாக வருகிறது.

கல்லுப்பு

கற்பூரவல்லி சொல்வதை உடனே செய்துவிடாதீர்கள் சகோதரி, முதலில் ஒன்று பாருங்கள். பழைய பாக்கெட் பேட்டி எவ்வளவு தடிமன், புதியது எவ்வளவு? எடை என்ன என்று அட்டையில் இருக்கும். ஆறு மாதம் சரியாக ஓடிய ஃபிரையர் ஒரே இரவில் கெட்டுப்போவது அரிது. பேட்டி மாறியிருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

மாலைமேகம்

ஸ்கேல் வைத்து அளந்தேன். பழைய பாக்கெட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அது 113 கிராம், தடிமன் 1.2 சென்டிமீட்டர். புதியது 170 கிராம், கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான். அதனால்தான் மேலிருந்து பார்க்கும்போது வித்தியாசமே தெரியவில்லை.

கல்லுப்பு

அதேதான். பிடித்துவிட்டீர்கள். ஃபிரையரின் மேல் பழி இல்லை.

உறைபனி

நான் குளிர்பதனக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த பாக்கெட் எந்த அளவில் வந்தாலும் தடுமாற வேண்டியதில்லை.

ஃப்ரீசரில் இருந்து எடுக்கும் பேட்டி மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். அதை 0 டிகிரி வரை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. 0-வில் இருக்கும் ஐஸை 0-வில் இருக்கும் தண்ணீராக மாற்றுவதுதான் பெரிய வேலை. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை ஒரு கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்குப் போய்விடும். இறைச்சியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆக, நீங்கள் ஓட்டும் 12 நிமிடத்தில் ஒரு பெரிய பங்கு சமைப்பதற்கே போகவில்லை, உருக்குவதற்கே போய்விடுகிறது. அந்த நேரம் முழுக்க நடுப்பகுதி 0 டிகிரியை விட்டு அசையாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஐஸ் வெப்பத்தைக் கடத்தும் வேகம் தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. உறைந்த பேட்டியின் வெளிப்புறம் உருகியதும், அந்த உருகிய அடுக்கு உள்ளே இருக்கும் ஐஸுக்குப் போர்வை மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே எவ்வளவு சூட்டைக் கூட்டினாலும் அது அந்தப் போர்வையைத் தாண்டித்தான் நடுவுக்குப் போக வேண்டும். போர்வை கருகும், நடு உறைந்தே இருக்கும். நேற்று உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

தடிமன் கூடினால் நேரமும் அதே கணக்கில் கூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வெப்பம் கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது, உருக்க வேண்டிய ஐஸும் கூடுகிறது. 1.2 சென்டிமீட்டருக்கு 12 நிமிடம் என்றால் 2 சென்டிமீட்டருக்கு அதே கணக்கிலேயே 20 நிமிடம் வந்துவிடும், உண்மையில் அதற்கும் மேலே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 நிமிடமும் 200 டிகிரியில் ஓட்டினால் வெளிப்புறம் கரிதான். அதனால் தடித்த பேட்டிக்குச் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். கற்பூரவல்லி சொன்ன திசை சரி. 15 நிமிடம் என்பது அவர் வாங்கும் பேட்டிக்குப் பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது.

கற்பூரவல்லி

ஒத்துக்கொள்கிறேன் உறைபனி அண்ணா. நான் வாங்குவது 113 கிராம்தான். தடிமனைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

வெண்கடுகு

மாலைமேகம் அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

இரண்டு கடி தின்ற குழந்தைக்குக் கண்டிப்பாக ஏதாவது ஆகும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஒரு வாரம், பத்து நாள் கவனியுங்கள். வேகாத கொத்துக்கறியில் நாங்கள் அதிகம் பயப்படும் கிருமி ஈ.கோலை ஓ157. அதன் அறிகுறிகள் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், கடையில் கேட்டு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் கொடுக்க வேண்டாம். நேரே மருத்துவரிடம் போய், வேகாத இறைச்சி சாப்பிட்டதையும் சொல்லுங்கள்.

ஒரு முழு இறைச்சித் துண்டு என்றால் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அடுப்பில் மேற்புறம் பொரிந்தாலே அது செத்துவிடும், நடு கொஞ்சம் சிவப்பாக இருந்தாலும் ஆபத்து குறைவு. கொத்துக்கறி அப்படியில்லை. இறைச்சியை அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போகிறது. பேட்டியின் நட்டநடு என்பது ஒரு காலத்தில் ஏதோ ஒரு துண்டின் மேற்பரப்பாக இருந்தது. அதனால்தான் பேட்டிக்கு நடுவும் முழுதாக வேக வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

இந்தக் கிருமியால் மனிதருக்கு நோய் வரும் என்று முதன்முதலில் தெரிந்ததே ஹாம்பர்கர் மூலமாகத்தான், 1982-இல், அமெரிக்காவில். 1993-இல் அதே நாட்டில் ஓர் உணவகத் தொடரில் சரியாக வேகாத பேட்டியால் 700-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து, நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் இறுகின.

அளவு இதுதான்: மாடு, ஆடு, பன்றி கொத்துக்கறி என்றால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ். கோழி, வான்கோழி என்றால் 74. இதைப் பார்க்க ஒரே வழி சமையல் தெர்மாமீட்டர்தான்.

மாலைமேகம்

ரொம்ப நன்றி வெண்கடுகு. இன்று வரை அவள் நன்றாகவே இருக்கிறாள். தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னிடம் தெர்மாமீட்டர் கிடையாது. இனி உள்ளே சிவப்பு போய்விட்டதா என்று பிளந்து பார்த்துக்கொண்டால் போதாதா?

வெண்கடுகு

போதாது அக்கா. உறைந்த பேட்டியில் நிறம் அதிகமாகவே ஏமாற்றும்.

இறைச்சியின் சிவப்பு மயோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. அது வெந்து பழுப்பாவது ஒரு வழி. காற்றுப் பட்டு, நாள்பட்டு, தானாகவே பழுப்பாவது இன்னொரு வழி. ஃப்ரீசரில் பல வாரம் கிடந்த பேட்டியில் இரண்டாவது வழி முன்பே பாதி நடந்து முடிந்திருக்கும். அப்படிப்பட்ட பேட்டி 60 டிகிரியைக்கூட எட்டாமலேயே முழுக்க வெந்த நிறத்துக்கு வந்துவிடும். அமெரிக்க வேளாண் துறை மக்களுக்குச் சொல்லும் கணக்கே, நான்கு ஹாம்பர்கரில் ஒன்று பாதுகாப்பான சூட்டை எட்டும் முன்பே நடுவில் பழுப்பாகிவிடும் என்பதுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. 71 தாண்டிய பிறகும் லேசான இளஞ்சிவப்பு போகாத பேட்டிகளைப் பார்த்திருக்கிறேன். நிறத்தை நம்பிச் சமைத்தால் ஒன்று பச்சையாகத் தின்போம், இல்லாவிட்டால் காயவைத்துத் தின்போம்.

சாறு தெளிவாக வந்தால் வெந்தது என்பதும் இதே கதைதான்.

நளபாகன்

நான் ஓர் உணவகத்தின் பர்கர் அடுப்பில் ஒன்பது வருடம் நின்றவன். மேலே இவ்வளவு அறிவியல் பேசுகிறீர்கள், எல்லாம் சரி. ஆனால் அடிப்படையான ஒன்றை யாரும் கேட்கவில்லை. ஏன் உறைந்ததை அப்படியே போட வேண்டும்? முந்தின இரவே ஃப்ரிட்ஜில் இறக்கி வைத்தால் காலையில் ஐஸ் போயிருக்கும். உருக்கும் வேலை ஃபிரையருக்கு இல்லை. வெளியும் உள்ளும் சேர்ந்து வேகும். தடித்த பேட்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

கல்லுப்பு

நளபாகன் ஐயா, முந்தின இரவே நினைவு வருகிறவர்கள் பாக்கெட் பேட்டி வாங்குவது குறைவு. வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் பசியோடு நிற்கும்போதுதான் ஃப்ரீசரைத் திறக்கிறோம்.

நளபாகன்

அது உண்மைதான் தம்பி. அப்படியென்றால் மெல்லிய பேட்டியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 1 சென்டிமீட்டர் அளவில் இருப்பவை உறைந்தபடியே போடுவதற்கென்று செய்யப்படுபவை. அவற்றை உருக்கவே கூடாது என்பேன். உருகினால் கையில் எடுக்கும்போதே பிய்ந்துபோகும், நடு வேகும் வேகத்தில் வெளியே நிறம் ஏறாது, சாறும் தட்டிலேயே தங்கிவிடும். 2 சென்டிமீட்டர் என்றால் உருக்குங்கள். என் பிரிவினை அவ்வளவுதான்.

உருக்குவது என்றால் ஃப்ரிட்ஜில், ஒரு தட்டின் மேல். சமையல் மேடையில் வைத்து உருக்குவது வேண்டவே வேண்டாம். அவசரம் என்றால் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். அப்படி உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

உறைபனி

நளபாகன் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. தடித்த பேட்டியையும் உறைந்தபடியே நன்றாகச் சமைக்கலாம். இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்டம் உருக்கி வேகவைப்பது, அது மிதமான சூட்டில். இரண்டாம் கட்டம் நிறம் ஏற்றுவது, அது கடைசி இரண்டு மூன்று நிமிடம் முழுச் சூட்டில். நேற்று மாலைமேகம் செய்ததில் நிறம் ஏற்றும் வேலை முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது, அதுதான் சிக்கல்.

நான் செய்யும் முறை, 2 சென்டிமீட்டர் பேட்டிக்கு: வெறும் ஃபிரையரை 3 நிமிடம் சூடேற்றுவேன். பேட்டிகளை ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்கி 170 டிகிரியில் 9 நிமிடம். திருப்பி, மறுபடி 170-இல் 7 நிமிடம். அப்புறம் 200-க்கு ஏற்றி 3 நிமிடம். தெர்மாமீட்டர் 71 காட்டாவிட்டால் இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டுவேன். ஒவ்வொரு ஃபிரையரும் கொஞ்சம் வேறுபடும். உங்கள் வீட்டுக் கணக்கை முதல் இரண்டு முறையில் நீங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நளபாகன்

இதை நான் செய்து பார்த்ததில்லை. கடையில் எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. வீட்டுக்கு இது பொருந்தும் போலத் தெரிகிறது. சரி, உங்கள் முறையிலேயே என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன், உப்பு.

உறைந்த பேட்டி மேல் உப்புத் தூவினால் ஒட்டாது. கல்லின் மேல் மணல் மாதிரி உருண்டு கூடைத் துளை வழியாகக் கீழே போய்விடும். முதல் பக்கம் முடிந்து திருப்பும் நேரம்தான் உப்பின் நேரம். கூடையை இழுத்துப் பாருங்கள், மேற்புறம் வியர்த்திருக்கும். உருகிய நீர் முத்து முத்தாக நிற்கும், சில பேட்டியில் நடுவில் சின்னக் குளமே தேங்கியிருக்கும். பேட்டியை இடுக்கியால் சாய்த்து அந்த நீரை வடித்துவிடுங்கள். பிறகு திருப்பி, மேலே வந்த பக்கத்தில் உப்பும் மிளகும் தூவுங்கள். அப்போது பிடித்துக்கொள்ளும்.

நீரை வடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரம் இருக்கும் வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பும் மணமும் வருவதற்கு 140-க்கு மேலே போக வேண்டும். அந்த வினைக்கு மெயார் வினை என்று பெயர், 1912-இல் அதை எழுதிய லூயி கமீல் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர். தேங்கிய நீரோடு விட்டால் அந்தப் பக்கம் அவித்த கறி மாதிரிதான் இருக்கும்.

கரண்டியால் அமுக்க வேண்டாம். நடு உப்பிக்கொண்டு வரும்போது அமுக்கத்தான் கை போகும். அமுக்கினால் சாறெல்லாம் கீழே.

சாமந்தி

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு வேகுவதில் சிக்கல் இல்லை, புகைதான். எட்டாவது நிமிடத்தில் ஃபிரையர் பின்னால் இருந்து வெள்ளைப் புகை. வீட்டில் புகை அலாரமே அடித்துவிட்டது. இரண்டு முறை இப்படி. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

கல்லுப்பு

நீங்கள் ஊற்ற வேண்டியதே இல்லை, பேட்டியே எண்ணெய் ஊற்றும். அட்டையில் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள், 20 சதவீதம் சாதாரணம். உருகிய கொழுப்பு கூடைக்குக் கீழே இருக்கும் தட்டில் சொட்டுகிறது. தட்டு காய்ந்து கிடந்தால் கொழுப்பு அங்கேயே கருகிப் புகைகிறது. தட்டில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி வையுங்கள். உங்கள் ஃபிரையரின் கையேடு அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டாம் என்றால் ஒரு ரொட்டித் துண்டைக் கூடைக்குக் கீழே போடுங்கள், கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாம் ஈடு போடும் முன் தட்டில் சேர்ந்ததை வடித்துவிட வேண்டும். தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு பழைய டப்பாவில் ஊற்றி, இறுகியதும் குப்பையில் போடுங்கள்.

சாமந்தி

ஆமாம், தட்டில் நேற்றைய பிசுக்கும் சேர்ந்து இருந்தது. இப்போதுதான் புரிகிறது. மேலே சூடேற்றும் கம்பியிலும் கருப்பாகப் படிந்திருக்கிறது. அதைத் துடைக்கலாமா?

உறைபனி

துடைக்கத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறிய பிறகு. ஃபிரையரைக் கவிழ்த்து வைத்து, நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால் துடையுங்கள். தண்ணீர் ஓடவிடக் கூடாது. இந்தக் கருவி பெயருக்குத்தான் ஃபிரையர். மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதன் பின்னே ஒரு விசிறி, கீழே துளையுள்ள கூடை. சின்ன இடத்தில் சூடான காற்றை வேகமாகச் சுழற்றுகிறது. கொழுப்புத் தெறித்தால் அந்தக் காற்றே தூக்கிக்கொண்டு போய்க் கம்பியில் ஒட்டிவிடும்.

விசிறி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். வெறும் கூடையில் பேக்கிங் தாளைப் போட்டுச் சூடேற்றாதீர்கள். மேலே பேட்டியின் பாரம் இல்லாவிட்டால் தாள் பறந்து கம்பியில் போய் ஒட்டித் தீப்பிடிக்கும். பேட்டிகளுக்கு நடுவே பாக்கெட்டில் வரும் தாளையும் மறக்காமல் உரித்துவிடுங்கள். உறைந்திருக்கும்போது அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

துளிர்

வெஜ் பேட்டிக்கும் இதே கணக்கா? எங்கள் வீட்டில் சோயா பேட்டி, காய்கறிப் பேட்டிதான். எனக்கு எப்போதும் காய்ந்த அட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

நளபாகன்

இல்லையம்மா, அது வேறு கணக்கு. காய்கறிப் பேட்டி பெரும்பாலும் முன்பே வெந்தது. சூடேறினால் போதும். அதில் சொட்டுவதற்குக் கொழுப்பு கிடையாது. அதனால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, 180-இல் வையுங்கள். மெல்லியது என்றால் 8 நிமிடத்திலேயே ஒரு முறை பாருங்கள். அட்டையாவது அதிக நேரம் வைப்பதால்தான்.

சோயா மாதிரியானவற்றில் சில வகை இறைச்சியைப் போலவே பச்சையாக வரும். அட்டையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எண்ணெய்க்கு அழுத்தி அடிக்கும் ஸ்பிரே டப்பா வேண்டாம். அதில் சேர்க்கும் லெசித்தின் கூடையின் மேல்பூச்சில் பிசின் மாதிரி படிந்துவிடும். அதைத் தேய்த்து எடுக்கப் போய் பூச்சே போய்விடும்.

வெண்கடுகு

அட்டையைப் படிப்பது பற்றி வந்ததால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரொட்டித்தூள் பூசிய கோழிப் பேட்டி. அது பாக்கெட்டிலேயே பொன்னிறமாக இருக்கும். பார்த்தால் வெந்தது போலவே இருக்கும். பல சமயம் பூச்சு பிடிப்பதற்காக எண்ணெயில் சில நொடி முக்கி எடுத்ததுதான் அந்த நிறம், உள்ளே கோழி முழுக்கப் பச்சை. சும்மா சூடு காட்டினால் போதும் என்று பலர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். வெந்ததா பச்சையா என்று அட்டையில் எழுதியிருக்கும். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நடுவில் 74 டிகிரி பார்த்த பிறகே தட்டில் வையுங்கள்.

இதைப் பிள்ளைகள் தாங்களே ஃபிரையரில் போட்டுத் தின்கிற வீடுகளில் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

கற்பூரவல்லி

இது எனக்குத் தெரியவே தெரியாது. என் ஃப்ரீசரில் ஒரு பாக்கெட் இருக்கிறது. இப்போதே எழுந்து போய்ப் பார்த்தேன், "பச்சைக் கோழி, முழுவதும் வேகவைக்கவும்" என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. இத்தனை நாள் முன்பக்கப் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மாலைமேகம்

மூன்று நாள் கழித்து வருகிறேன். முதலில் நல்ல செய்தி, மகளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக ஓடியாடுகிறாள். வெண்கடுகு சொன்னபடி இன்னும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊசி மாதிரி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். இன்று உறைபனி அண்ணா சொன்ன முறையில் இரண்டு பேட்டி மட்டும் போட்டுப் பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

170-இல் 9 நிமிடம் கழித்துத் திறந்தேன். நளபாகன் ஐயா சொன்ன குளம் அப்படியே இருந்தது, இளஞ்சிவப்பு நீர். சாய்த்து வடித்தேன், திருப்பினேன், உப்பும் மிளகும் தூவினேன். உண்மையிலேயே ஒட்டியது. அந்த நேரத்தில் பேட்டி சாம்பல் நிறம், பார்க்க ஆசையாகவே இல்லை. ஆனாலும் கை வைக்காமல் மூடிவிட்டேன். அடுத்த 7 நிமிடம் முடிந்ததும் ஊசியைக் குத்தினேன், 58. வெளியே பழுப்பு வந்துவிட்டிருந்தது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் அங்கேயே எடுத்திருப்பேன். 200-க்கு ஏற்றி 3 நிமிடம், 67. இன்னும் 2 நிமிடம், 73. எடுத்துவிட்டேன்.

பிளந்தேன். ஓரத்திலிருந்து நடு வரை ஒரே நிறம். சாறு தட்டில் இறங்கியது. மேலே மொறுமொறுப்பு இருந்தது, கருகல் இல்லை.

ஒரே குழப்பம். மேலிருந்து குத்தினால் ஒரு அளவு, பக்கத்திலிருந்து குத்தினால் வேறு அளவு காட்டுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

வெண்கடுகு

ரொம்ப சந்தோஷம் அக்கா! பக்கவாட்டில்தான் குத்த வேண்டும். மேலிருந்து குத்தினால் ஊசி நடுவைத் தாண்டிக் கீழே சூடான பக்கத்துக்குப் போய்விடும், கூடைக் கம்பியையே தொட்டாலும் தொடும். ஓரத்தில் குத்தி, ஊசி முனை நட்டநடுவுக்கு வரும்படி படுக்கையாகச் செலுத்துங்கள். இரண்டு மூன்று இடம் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டி நான்கு இருந்தால் நான்கையும் பாருங்கள். 71-க்குக் குறைவாகக் காட்டிய பேட்டியில் குத்திய ஊசியைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி குத்த வேண்டும்.

தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க, டம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி முனையை நடுவில் பிடியுங்கள், 0 காட்ட வேண்டும்.

நளபாகன்

58-இல் கைவைக்காமல் காத்திருந்தீர்களே, அதற்கே பாராட்டு. அடுத்த முறை நான்கு போடும்போது நேரம் இன்னும் இரண்டு நிமிடம் கூடலாம். உறைந்த பேட்டி நான்கு உள்ளே போனால் ஃபிரையரே ஒரு முறை குளிர்ந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று மட்டும் வைக்க வேண்டாம். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள். இரண்டாவது ஈட்டில் கூடை முன்பே சூடாக இருப்பதால் சீக்கிரம் ஆகும்.

மாலைமேகம்

கடைசியாக ஒன்று. சீஸ் துண்டை எப்போது வைப்பது? இன்று 200-இல் கடைசி நிமிடத்தில் வைத்தேன். திறந்து பார்த்தால் ஒரு பேட்டி மேல் சீஸே இல்லை. கூடை ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

கல்லுப்பு

விசிறி தூக்கிவிட்டது. ஃபிரையரை அணைத்த பிறகு சீஸை வைத்து, கூடையை உள்ளே தள்ளி மூடி ஒரு நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே உருகி ஓரம் வழிந்து நிற்கும். பன்னையும் முன்கூட்டி வாட்ட வேண்டாம். பேட்டிகளை எடுத்த பிறகு அதே கூடையில் வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்து 160-இல் ஒரு நிமிடம். மேல்பாதி லேசானது, அதுவும் பறக்கும். அதன் மேல் சின்னக் கம்பி வலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

துளிர்

நானும் இன்று எண்ணெய் தடவி 180-இல் 9 நிமிடத்தில் எடுத்தேன் நளபாகன் ஐயா. உள்ளே மெத்தென்று இருந்தது. அப்பா இரண்டாவது ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.